நங்கூரத்திலிருந்து நாற்பது தப்படி

மூழ்கிய கப்பலின் நங்கூரம் கடற்கரையோரம் சிமெண்ட் மேடைமேல் துருப்பிடித்து நிற்கிறது. அங்கிருந்து கலங்கரை விளக்கைப் பார்த்து, கற்சுவரை ஒட்டி, அவர் நான்காவது தடவையாக எண்ணிக்கொண்டே நடக்கிறார். நாற்பதாவது தப்படியில் நின்று ஒவ்வொரு கல்லையும் சாவியால் நெம்புகிறார். ஒன்றும் அசையவில்லை. மனைவி குடையை மடக்கி மணலில் குத்துகிறாள். "ஒளிச்சு வச்சதே நீங்கதானே?" அவர்தான். உள்ளே ஒரு ரப்பர் முத்திரையும் நோட்டும் உள்ள தகரப் பெட்டி அது. தேடிக் கண்டுபிடிப்பவர்கள் அந்த நோட்டில் தங்கள் முத்திரையைப் பதித்துவிட்டுப் போவார்கள். இந்தப் புதையல் விளையாட்டுக்காக ஆறு வருடத்துக்கு முன் வைத்தார். அவள் கையில் கசங்கும் குறிப்புச் சீட்டும் அவர் எழுதியதுதான். "எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்" என்று சொல்லி, முழங்காலில் போன வருடத்து அறுவைச் சிகிச்சைத் தழும்பைத் தேய்க்கிறார். வெயில் சுவரில் பட்டுக் கண்ணில் அடிக்கிறது. அவள் அந்த முழங்காலையே பார்க்கிறாள். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டு, புடவையை இழுத்துச் செருகி, நங்கூரத்திலிருந்து காலை எட்ட எட்டப் போட்டு, சத்தமாக எண்ணிக்கொண்டு போகிறாள். அவரைத் தாண்டி ஏழெட்டுக் கல் தள்ளி நாற்பது வருகிறது. அவள் தொட்டதும் ஒரு கல் ஆடுகிறது. பின்னால் தகரம் கிணுங்குகிறது. "நான் என்ன ஒட்டகமா? இப்படியா நடந்தேன்?" என்கிறார். அவளுக்கு மூச்சு வாங்குகிறது. "முப்பது வருஷமா பின்னாடியே ஓடி வந்தவளுக்குத் தெரியாதா?"