உள்ளே வைத்துக் கட்டிய தூக்கம்

குறைமாதக் குழந்தையின் நெஞ்சில் ஒட்டியிருந்த கம்பி, தலைமாட்டிலிருந்த ஒரு பெட்டிக்குப் போனது. மூச்சு நின்றால் அந்தப் பெட்டிதான் நெட்வொர்க் வழியாக நர்ஸ் மேசையில் மணியடிக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்த நெட்வொர்க் கார்டை இயக்கும் ‘டிரைவர்’ புரோகிராமை எழுதிய அமலதாஸ், குழந்தை பிறக்கும் முன்பே விபத்தில் போய்விட்டான். அதே கம்பெனியில் வேலை பார்த்த அவன் மனைவி ரெஜினா, பெட்டியின் பச்சை விளக்கு அணைவதைப் பார்த்தாள்.

“சிஸ்டர், இது தூங்குது.”

நர்ஸ் மும்தாஜ் திரையைக் காட்டினாள். “தூங்குற வசதிய ஆஃப் பண்ணித்தானே வச்சிருக்கு. உங்க வீட்டுக்காரர் செஞ்ச பொட்டிய நீங்களே நம்ப மாட்டீங்களா?”

“அந்த சுவிட்ச் எதையும் நிறுத்தாது. புரோகிராம மெஷினுக்கு மாத்திக் கம்பைல் பண்றப்பவே தூக்கத்த உள்ள வச்சுக் கட்டிட்டார். ஓடுறப்ப மாத்த முடியாது.”

மூச்சு சீராக இருந்தால் அனுப்பச் செய்தி இருக்காது, கார்டு தூங்கிவிடும். அதை எழுப்பும் முதல் செய்தி தொலைந்துபோகும். அந்த முதல் செய்தி எதுவாக இருக்கும் என்று ரெஜினாவுக்குத் தெரியும். குழந்தையின் உள்ளங்காலை விரலால் சீண்டினாள். அது காலை இழுத்துச் சிணுங்கியது, மூச்சு மாறியது, விளக்கு எரிந்தது. அணைந்தபோதெல்லாம் சீண்டினாள்.

“நீங்க கேட்டபடி வேற பொட்டி சாயங்காலம் வந்துரும்க்கா,” என்றாள் மும்தாஜ். “அதுவரைக்கும் புள்ளையப் படுத்தாதீங்க. தூங்கினாத்தானே எடை கூடும்?”

ரெஜினா விரலை எடுத்தாள். குழந்தையின் முகம் மெல்லத் தளர்ந்தது. அமலதாஸும் தூங்கும்போது இப்படித்தான் வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருப்பான். விளக்கு அணைந்தது. அவள் உள்ளங்கையை அந்தச் சிறு நெஞ்சின்மேல் வைத்தாள். நெஞ்சு இறங்கியது. அது மறுபடி ஏறுவதற்காகக் காத்திருந்தாள்.