ஒரு பூச்சு வெள்ளை

அவள் உள்ளே ஏறிப் படுத்துவிட்டாள்.

அவன் வெளியே நின்று கதவைப் பிடித்தபடி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். எத்தனை நாள் ஆசை. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போக ஒரு குட்டி வீடு. இரண்டு பேர் படுக்கலாம், ஓரமாக ஓர் அடுப்பு வைக்கலாம். லாட்ஜுக்குத் தண்டம் அழாமல் தனுஷ்கோடி வரை போய்க் கடலோரம் தூங்கலாம்.

தெருவில் அதற்குக் கோழிக்கூண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். வைக்கட்டும். இன்றைக்குத்தான் முதன்முதலாக ஷெட்டை விட்டு வெளியே வந்திருக்கிறது. ஒற்றைக் கையாலேயே தள்ளிக்கொண்டு வந்தான்.

அவ்வளவு லேசு.

லேசு என்பதில்தான் அவன் உயிரே இருந்தது. அவனுடைய பழைய கார் கனம் இழுக்காது என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். அதனால் இரும்பு வேண்டாம், அலுமினியக் குழாய். பலகை வேண்டாம், தெர்மோகோல். சமையலறைத் தராசில் அவன் திருகாணிகளை நிறுத்துப் பார்த்தபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் திரைச்சீலையும் மெத்தையுறையும் தைத்துக் கொடுத்தாள்.

கூரைக்குத்தான் யோசித்தான். தகரம் கனம். தார்ப்பாயும் கனம்.

பரணில் ஒரு ஃப்ளெக்ஸ் இருந்தது.

மழைக்கு அசையாது. அளவு எடுத்துத் தைத்தது மாதிரி சரியாக இருந்தது.

அவள் அப்பாவின் முதலாமாண்டு நினைவு நாளுக்கு அடித்தது. தெருமுனையில் கட்டியிருந்துவிட்டு, அவளே அவிழ்த்து, ஈரத்துணியால் துடைத்து, சுருட்டி வைத்தாள். வலது கன்னத்தில் மச்சமும் வாய் நிறையச் சிரிப்புமாக நாச்சிமுத்து.

பழைய ஃப்ளெக்ஸை யார்தான் வைத்துக் கும்பிடுகிறார்கள்? ஆட்டுக்கொட்டகைக்குப் போடுகிறார்கள், விறகை மூடுகிறார்கள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கேட்டிருக்கலாம். கேட்டால் தரமாட்டாள் என்று தெரிந்தேதான் கேட்கவில்லை.

அச்சடித்த பக்கத்தை மேலே வைத்து ஷெட்டில் விரித்தான். காலால் மிதித்துக்கொண்டு இழுத்துச் சுருக்கம் எடுத்தான். எந்த இடத்தை மிதிக்கிறோம் என்று குனிந்து பார்க்கவில்லை. கூரைக் குழாய்களின்மேல் இழுத்து ஒட்டி, அதன்மேல் வெள்ளை பெயின்ட் அடித்தான்.

ஒரே பூச்சு. இரண்டாவது பூச்சு அடித்தால் கனம் கூடும்.

போன வாரம் அவள் பரணில் ஏறித் தேடினாள். இரண்டாமாண்டு வருகிறதே, ஃப்ளெக்ஸில் 'முதலாம்' என்பதன்மேல் 'இரண்டாம்' என்று ஒட்டிக் கட்டிவிடலாம் என்றாள்.

எலி குதறிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றான் அவன்.

"மொகத்தையுமா?"

ஆமாம் என்று தலையாட்டினான். அவள் ஏணியை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இப்போது வண்டிக்குள் சத்தமே இல்லை.

மெத்தை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே தலையை உள்ளே நுழைத்தான்.

வெயில் உச்சியில் இருந்தது.

ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் நிழலுக்குள்ளேயே எல்லாவற்றையும் கட்டி முடித்தவனுக்கு இது தோன்றவே இல்லை. ஒற்றைப் பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளிச்சம் இறங்கியிருந்தது. கூரை முழுக்க மாமனார். எழுத்துகள் திரும்பிக் கிடந்தன. மச்சம் இடது கன்னத்துக்குப் போயிருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

 

அவள் அவனைப் பார்க்கவில்லை. முகம் இருந்த பக்கம் நீட்டியிருந்த கால்களை மெதுவாக மடக்கினாள். எழுந்து உட்கார்ந்தாள். தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டு, அப்பாவின் முகத்துக்கு நேர்கீழே தலை வைத்துத் திரும்பப் படுத்தாள்.

"சாந்தா..."

சொல்வதற்கு அவனிடம் கனத்தைப் பற்றி மட்டும்தான் இருந்தது.

அதற்குள் எதிர்வீட்டுச் சுந்தராம்பாள் அக்கா வந்துவிட்டாள். பின்னாலேயே தெருவில் நாலைந்து பேர். கோழிக்கூண்டுக்குள்ளே அப்படி என்னதான் இருக்கிறது, நாங்களும் ஏறிப் பார்க்கிறோமே என்றார்கள்.

அவன் வழியை மறைத்து நின்றான். பெயின்ட் இன்னும் காயவில்லை என்றான்.

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

சாந்தாமணி எழுந்து கதவுக்கு வந்தாள். சொல்லப்போகிறாள். தெருவே கேட்கச் சொல்லப்போகிறாள். சொல்லட்டும் என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு விலகினான்.

"வாங்கக்கா. செருப்ப மட்டும் கீழ விட்டுட்டு ஏறுங்க."

சுந்தராம்பாள் அக்கா கழற்றினாள். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போனார்கள்.



பிறகு அக்காவின் குரல் தழுதழுத்துக்கொண்டு வெளியே வந்தது.

"அட, நம்ம சாந்தாவோட அப்பா! போற எடத்துக்கெல்லாம் கூடவே கூட்டிட்டுப் போறாப்ல பண்ணியிருக்கறாரே. மருமகன்னா இப்படியல்லோ இருக்கோணும்!"

அவள் இல்லை என்று சொல்வாள் என்று காத்திருந்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவனும் செருப்பைக் கழற்றினான். ஏறவில்லை.

தார் ரோடு கொதித்தது. அன்றைக்கு ஃப்ளெக்ஸை மிதித்தது எந்தக் கால் என்று யோசித்துப் பார்த்தான். நினைவு வரவில்லை.

இரண்டையும் ஊன்றி நின்றான்.