மடியில் வந்த பை

பேருந்தில் வந்த வழியெல்லாம் மரியதாஸ் அந்தத் துணிப்பையைக் கைக்குழந்தையைப் போல மடியிலேயே வைத்திருந்தான். பைக்குள் அவன் அக்காள் கணவர் செபமாலையின் லேப்டாப் இருந்தது. இறந்துபோன அக்காள் பாடிய பாட்டுகள் அதில் மட்டும்தான் இருந்தன. போன மாதம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போய்த் திருப்பித் தந்தவனும் அவன்தான். அன்றிலிருந்து அது பாடவில்லை. பழுதுபார்க்கும் கடை வாசல் வரை செபமாலையோடு வந்தவன் உள்ளே வராமல் நின்றுகொண்டான்.

கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து விளக்கடியில் காட்டினார். கண்ணாடி போன்ற தட்டில் வட்டவட்டமாகக் கீறல்கள்.

“எங்கயோ கீழ விழுந்திருக்கு சார். அப்பவே கொண்டு வந்திருந்தா எடுத்திருக்கலாம். விழுந்ததுக்கப்புறம் போட்டுப் போட்டுப் பாத்ததுலதான் எல்லாம் சொரண்டிப் போச்சு.”

செபமாலை அதைக் கீழே போட்டதில்லை. ஆனால் தினமும் காலை செபம் முடித்துப் போட்டுப் போட்டுப் பார்த்தவர் அவர்தான். “இன்னொரு தடவ போட்டுப் பாருங்க அத்தான், அந்தோணியார் கைவிட மாட்டாரு” என்று பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னவன் மரியதாஸ்.

செபமாலை பையைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். திரும்பும் பேருந்தில்தான் மரியதாஸ் கையை நீட்டினான்.

“குடுங்க அத்தான், நான் வச்சிக்கிடுதேன்.”

அக்காளுடையதைப் போலவே நீளமான விரல்கள். செபமாலை வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையின் ஒரு காதை மட்டும் விட்டுக்கொடுத்தார்.