பொம்பிளை ஏறும் கார்

"எழுபத்தெட்டாம் ஆண்டுக் கார் தம்பி இது. டேர்போ எண்டால் என்னெண்டு சனத்துக்குக் காட்டினதே இதுதான். தேனுஜா இதிலதான் மண்டபத்துக்குப் போவாள்," என்றார் கதிர்காமநாதன், தன் கறுப்பு சாப் 99 டேர்போவைத் தடவியபடி.

"காட்டினது சரி அண்ணை. அக்சிலேட்டரை அமத்திப்போட்டு ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியத்தானே பாயுது," என்றார் புவனேந்திரன். "என்ர சாப் விக்கன் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. போர் விமானத்தின்ர பேர் வச்ச கார். கால் வைக்கப் பறக்கும்."

"பொம்பிளையைக் கலியாணத்துக்குக் கொண்டு போறியோ, சண்டைக்குக் கொண்டு போறியோ?"

ஜேர்மனியின் ஹம் நகரில் சுலோஜனாவின் வீட்டு வாசலில், வைகாசி வெயிலில் இரண்டு கார்களும் பளபளத்தன. கதிர்காமநாதன் அவளுடைய காலஞ்சென்ற கணவனின் அண்ணன். புவனேந்திரன் வுப்பர்டாலில் இருந்து வந்திருந்த அவளுடைய தம்பி. மகள் தேனுஜாவைத் தாரை வார்த்துக் கொடுக்கப் பெரியப்பா வேண்டும். தாய்மாமன் இல்லாமலும் காரியம் ஒப்பேறாது. யாருடைய கார் தோற்றாலும் அந்த ஆள் கலியாணப் பக்கம் தலைவைத்தும் படுக்கப்போவதில்லை. இரண்டும் அப்படிப்பட்ட பிறவிகள்.

"ரெண்டையும் விட்டுட்டு வேற காரைப் பிடிப்பமே?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"அப்ப நான் என்னத்துக்கு வாறன்?" இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

"பொம்பிளையே சொல்லட்டும்," என்றார் கதிர்காமநாதன்.

தேனுஜா இரண்டிலும் ஏறி ஒவ்வொரு சுற்றுப் போய்வந்தாள்.

"கூறைச் சேலையோட ஏறி இறங்கச் சுகம் பெரியப்பா," என்றாள். அவர் முகம் மலர, மற்றவர் முகம் கறுத்தது. "பறக்குது மாமா," என்றாள். முகங்கள் இடம் மாறின. பிறகு இரண்டு கார்களையும் முன்னும் பின்னும் குனிந்து பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினாள்.

முடிவு சொல்லாமல் நழுவுகிறாளே என்று சுலோஜனாவுக்கு ஆத்திரம் வந்தது. "ரெண்டில ஒண்டைச் சொல்லன் பிள்ளை," என்றாள், மகள் திரும்பி வந்ததும்.

"ரெண்டும் வடிவு அம்மா, ஒண்டைக் கழிக்க ஏலாது. அது கிடக்கட்டும். ஐயர் ஆவணியில ரெண்டு நாளும் தையில ஒரு நாளும் குறிச்சுத் தந்தவரெல்லே? இப்பதான் அவரோட கதைச்சனான். தையையே எடுத்திட்டன். மண்டபத்துக்கும் அந்த நாளையே சொல்லியாச்சு."

பெரியப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் தத்தம் காரின் நம்பர் தகட்டைப் பார்த்தார்கள்.

பனியும், பனிக்கு வீதியில் கொட்டும் உப்பும் படாமல் செல்லப்பிள்ளையைக் காக்க ஆளாளுக்கு ஆசையாய் வாங்கிப் பூட்டிய அந்தத் தகடுகளின்படி, ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை மட்டுமே இரண்டு கார்களும் வீதியில் இறங்கலாம்.