கழற்றிப் பூட்டும் விசிறி

குளிர்நாட்டு ரொக்ஸ்பரோவில், சிவநேசத்தின் வீட்டில், விறகுக் கணப்படுப்பின் சூட்டை அறைக்குள் தள்ளும் விசிறியைத் துடைப்பதென்றால் அடுப்பையே சுவரிலிருந்து இழுக்க வேண்டும். அதன் வயர்கள் அப்படி உள்ளுக்குள் முறுக்கப்பட்டிருந்தன. மனைவி தாட்சாயினி செத்த பிறகு அவர் அதில் கைவைக்கவேயில்லை. மின்வேலை தெரிந்த வசீகரன் வந்து, வயரை வெட்டி நடுவில் ஒரு ப்ளக் பூட்டினான்.

“இனி இதைக் கழட்டினால் விசிறி கையோடை வந்திடும், அண்ணை.”

விசிறியில் நீளத் தலைமயிர் சுற்றிக் கிடந்தது. வெள்ளிக்கிழமைகளில் முழுகிவிட்டு அவள் அடுப்பின் முன்னால் இருந்துதான் தலையை உலர்த்துவாள். பிறகு புற்றுநோய் வருத்தம் வந்து, மருந்தில் மயிர் அவ்வளவும் கொட்டி, மொட்டைத் தலையோடு போய்ச் சேர்ந்தாள். சிவநேசம் மயிரை வழித்துக் குப்பையில் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை சாம்பல் அள்ளும்போது ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தார். விசிறியில் மறுபடியும் மயிர். ஈரமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வெள்ளிதோறும் அடுப்பை மூட்டி, முன்னால் தலை துவட்ட ஒரு துவாயை மடித்து வைத்துவிட்டுப் படுக்கப் போனார். சனிதோறும் ஈர மயிர் இருந்தது.

ஒரு சனிக்கிழமை அது கொத்துக் கொத்தாக வந்தது, மருந்து எடுத்த நாட்களில் அவளுடைய தலையணையில் கிடந்ததைப் போலவே. சிவநேசம் உடனே வசீகரனுக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, அந்த ப்ளக்கை எடுத்துப்போட்டுப் பழையபடி முறுக்கிவிடு.”

“பேந்து எப்பிடித் துடைப்பியள்?”

“நான் இனித் துடைக்கமாட்டன்.”

அடுத்த வாரம்தான் வசீகரனுக்கு வர நேரம் கிடைத்தது. அதற்குள் இன்னொரு வெள்ளியும் கழிந்திருந்தது; சிவநேசம் விசிறியைத் தொடவேயில்லை. விசிறியைக் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“இதிலை துடைக்க என்ன இருக்கு, அண்ணை? ஒரு தலைமயிர்கூட இல்லை.”