எட்டுப் பாத்தி

"என்னா சார், மல்லாட்ட கொத்து கொத்தா காய்ச்சிக் கெடக்குது. நீங்க என்னாடான்னா கன்னத்துல கை வெச்சிக்கினு குந்தியிருக்கீங்க?"

சாமியம்மாள் கேட்டது சிங்காரவேலின் காதில் விழுந்தது. பார்வை மட்டும் தராசை விட்டு நகரவில்லை.

நெய்வேலியில் புதிதாக வெட்டிய சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண் அது. அருகம்புல்கூட முளைக்காது. அதில் பயிர் செய்யத்தான் பழுப்பு நிலக்கரித் தூளிலிருந்து உரம் ஒன்று தயாரித்திருந்தார் சிங்காரவேல். எட்டுப் பாத்தி கட்டி, சாமியம்மாள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையைப் போட்டார். நாலுக்கு உரம், நாலு வெறும் பாத்தி. தண்ணீர் ஊற்றவும் உரம் போடவும் மந்தாரக்குப்பத்திலிருந்து காண்ட்ராக்டில் வந்தவள் சாமியம்மாள்.

இன்று அறுவடை. தராசில் வைத்துப் பார்த்தால் எட்டும் ஒரே எடை!

"காய்ச்சதுதாம்மா வினையே. உரம் போட்டதும் போடாததும் ஒண்ணுபோல காய்ச்சிருக்கு. தண்ணி மட்டுமே போதும்னு ஆகுது. ரெண்டு வருஷ உழைப்பு போச்சு."

"நாளைக்குப் பெரிய ஆபீசரு வராராமே?"

"வரட்டும். உரம் தேறலைன்னு அறிக்கை எழுதிட்டேன். எனக்கு மாற்றல், உனக்கு வேலை இல்ல."

சாமியம்மாளின் முகம் வாடியது. "நாலு பாத்தியில கம்மியாக் காய்ச்சிதுன்னு எழுதிட்டாத்தான் என்னா? யாரு பாக்கப் போறாங்க?"

"அதை நம்பி ஒரு குடியானவன் உரத்தை வாங்கிப் போட்டான்னா? அந்தப் பாவம் வேணாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எந்தத் துக்கத்தையும் அரை மணி நேரத்துக்கு மேல் சுமக்கத் தெரியாத மனுஷன். "இது ஆகாதுன்னு தெரிஞ்சுதே, அதுவும் லாபந்தான். அடுப்பைப் பத்த வை. தின்னாவது தீர்ப்போம்."

மூன்று கல் கூட்டி, உப்புப் போட்டு வேகவைத்தாள். சிங்காரவேல் சுடச்சுட உரித்துத் தின்றார்.

"அடடா! வெறும் பாத்திக் கடலைதான் ருசி அதிகம்."

"அதெல்லாம் இல்ல சார். ஒரே சோறு தின்னு வளந்ததுங்கதானே!"

அவர் வாய் பாதியில் நின்றது. "ஒரே சோறா?"

"வேலையே இல்லன்னு ஆயிடுச்சி, இனிமே சொல்றதுக்கென்னா? நாலுக்குப் போட்டுட்டு நாலப் பட்டினி போடச் சொன்னீங்க. பந்தியில வஞ்சன பண்ணலாமா சார்? கடைசிப் பந்தியில குந்துனவளுக்குத்தான் அது தெரியும். வாரா வாரம் நீங்க அளந்து குடுத்த நாலு படிய, பாத்திக்கு அரைப் படியா எட்டுக்கும் போட்டுட்டேன்."

சிங்காரவேல் அறிக்கையை எடுத்து அடுப்பில் சொருகினார். "பாதி உரத்துக்கே இந்தக் காய்ப்பா!" என்று குதித்தவர், "அடுத்த வெள்ளாமைக்கும் நீதான் வரணும். ஆனா ஒரே ஒரு பாத்தியையாவது எனக்காகப் பட்டினி போடு தாயே!" என்று கைகூப்பினார்.