அச்சு அசலாக

போஸ்னியப் போர் முடிந்த நான்காம் ஆண்டில் பாஹிரா தனியாக ஊர் திரும்பினாள். எரிந்துபோன அவள் வீட்டை ஒரு நிவாரண அமைப்பு மறுபடி கட்டிக்கொடுத்தது. செங்கல்லும் ஓடும் அமைதிப்படை லாரியில் வந்தன. கொத்தனார் மட்டும் பக்கத்து ஊர் நெடேல்கோ. வரைபடம் இல்லாததால் பாஹிரா சொல்லச் சொல்ல அவன் கட்டினான்.

சாவி கொடுக்கும் நாளில் அமைதிப்படைக் கேப்டனும் வந்திருந்தார். "அடிச்சிக்கிட்ட ரெண்டு ஊரு. இப்ப ஒருத்தர் வீட்டை இன்னொருத்தர் கட்டறாங்க. இதைப் பாக்கத்தான் நாங்க வந்தோம்" என்றார்.

பாஹிரா நெடேல்கோவுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"பழைய வீடு மாதிரியே இருக்கு தம்பி."

"ஒண்ணு விடலக்கா. மாடியில புகைபோக்கிக்குப் பின்னால ஒரு பொந்து இருந்துச்சே, அதைக்கூட வச்சிருக்கேன்."

அந்தப் பொந்தைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டைச் சுற்றி வளைத்த அன்று கணவனை அதற்குள்தான் ஒளித்துவைத்தாள். முகமூடியோடு மாடியேறி அவரை இழுத்துப்போன நாலு பேரைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை.

"ரெண்டு பேரும் கை குலுக்குங்க, ஒரு படம் எடுத்துக்கறோம்" என்றார் கேப்டன்.

நெடேல்கோ கையை நீட்டினான். படை லாரி சாயங்காலமே கிளம்பிவிடும். அவன் பக்கத்து ஊரில்தான் இருப்பான்.

பாஹிராவும் கையை நீட்டினாள்.